காரைக்குடியிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு: ஜே-1, எச்-1பி, அலுவலகம் கேட்கும் காகிதங்கள்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் காரைக்குடிப் பெண். பேட்டரி மின்வேதியியலில் பி.எச்டி. முடித்திருக்கிறார். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷத்துக்குப் போஸ்ட்டாக் வேலை, அதாவது பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வாளர் வேலை, கிடைத்திருக்கிறது. வேலைக் கடிதம் வந்த கையோடு, அங்கிருக்கும் அயல்நாட்டு ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து படிவத்துக்கு மேல் படிவமாக வந்துகொண்டிருக்கிறது. பேராசிரியர் ஜே-1 விசா போதும் என்கிறார். நண்பர்கள் எச்-1பி கேள் என்கிறார்கள். திருச்சியில் ஓர் ஏஜென்ட் மூன்று லட்சம் கொடுத்தால் எச்-1பி வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம். நாம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அப்பச்சி, அதாவது அவருடைய அப்பா, கேட்கிறார். கணவர் அங்கே வேலை பார்க்க முடியுமா? பேராசிரியரின் ஸ்டார்ட்அப் கம்பெனிக்கு வாரத்தில் சில மணி நேரம் உதவலாமா? அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் என்ன ஆகும்? கடைசியாக இன்னொன்று: அந்தப் பேராசிரியர் டிசம்பரில் செட்டிநாடு பார்க்க வந்து இவர்கள் வீட்டில் தங்கப் போகிறார், அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

நான் தேவகோட்டைக்காரன். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில்தான் வெகுகாலம் வேலை பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் கோப்பைப் பற்றிய இறுதி வார்த்தை அந்த அலுவலகத்துடையது. இது, அவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்க உதவும்.

அவர்கள் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்? உங்கள் மேல் சந்தேகம் இல்லை. நீங்கள் அங்கே செய்யப்போகும் வேலை என்ன, எந்தக் கட்டடத்தில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன சம்பளத்துக்கு, யார் பணத்தில் என்பதைப் பல்கலைக்கழகம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறது. எச்-1பி மனுவில் போடும் கையெழுத்து, பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியோடு போடுவது. நம் பக்கத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடை மேலாளாகப் போனவர்கள் மூன்று வருஷத் தவணை, சம்பளம் எல்லாம் எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். அந்தக் காகிதம் முதலாளியையும் கட்டியது, போனவரையும் கட்டியது. உங்கள் காகிதமும் அப்படித்தான், மூன்றாவதாக ஓர் அரசாங்கமும் அதில் இருக்கிறது. ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: காகிதத்தில் உள்ள வேலையும் நீங்கள் லேபில் செய்யும் வேலையும் எந்த நாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வேலை மாறப்போகிறது என்றால் முதலில் காகிதம் மாற வேண்டும், அப்புறம்தான் வேலை. கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஜே-1, எச்-1பி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜே-1 என்பது பரிமாற்ற விசா. அமெரிக்க வெளியுறவுத் துறை சில நிறுவனங்களுக்கு ஸ்பான்சராக இருக்க அனுமதி கொடுத்திருக்கிறது. பல்கலைக்கழகம் அந்த அனுமதியை வைத்து டி.எஸ்-2019 என்ற படிவத்தைத் தானே வழங்குகிறது. அதனால் வேகம் அதிகம், செலவு குறைவு. ஆய்வாளர் என்ற பிரிவில் அதிகபட்சம் 5 வருஷம் இருக்கலாம். எச்-1பி என்ற வேலை விசா வேறு மாதிரி. அதில் பல்கலைக்கழகம் முதலில் தொழிலாளர் துறையிடம் எல்.சி.ஏ. என்ற சம்பள உறுதிமொழிக்கு ஒப்புதல் வாங்கி, பிறகு குடியேற்றத் துறைக்கு மனுப் போட வேண்டும். அதிகபட்சம் 6 வருஷம். தனியார் கம்பெனிகளுக்கு உள்ள 65,000, கூடுதல் 20,000 என்ற வருஷக் கட்டுப்பாடும் குலுக்கலும் பல்கலைக்கழகங்களுக்குக் கிடையாது. வருஷத்தில் எந்த மாதத்திலும் மனுப் போடலாம். உங்கள் நண்பர்கள் எச்-1பி கேள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். சில வருஷங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் பாதி அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் 2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க அதிபர் வெளியிட்ட அறிவிப்பால் நிலைமை மாறியது. செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புது எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகங்களுக்குத் தனி விலக்கு கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கமே நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளில் ஒன்றில் சேர்ந்தது. 12 மாதத்துக்கு என்று சொல்லி, நீட்டிக்கவும் வழி வைத்து வந்த அறிவிப்பு அது. ஆகவே நீங்கள் மனுப் போடும் நாளில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். ஒரு போஸ்ட்டாக்கின் வருஷச் சம்பளத்தையே தாண்டக்கூடிய தொகை இது. எந்தத் துறையும் லேசில் கட்டாது. அதே சமயம், அமெரிக்காவுக்குள் வேறு விசாவில் இருப்பவர் அங்கேயே எச்-1பிக்கு மாறினால் இந்தத் தொகை இல்லை என்று குடியேற்றத் துறை அக்டோபரில் விளக்கம் கொடுத்தது. அதனால் இன்றைக்குக் காரைக்குடியில் இருந்துகொண்டு கேட்கும் உங்களுக்கு ஜே-1தான் வழி. பிற்பாடு நிரந்தர வேலை கிடைத்தால் அங்கிருந்தே எச்-1பிக்கு மாறுவதைப் பார்க்கலாம்.

அப்படி மாற முடியுமா என்பதில் பழைய பயம் ஒன்று இருக்கிறது. ஜே-1 முடிந்ததும் சொந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம் இருந்தால்தான் எச்-1பியோ கிரீன் கார்டோ வாங்க முடியும் என்ற விதி. அது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. அரசாங்கப் பணத்தில் வருபவர், மருத்துவப் பயிற்சிக்கு வருபவர், தங்கள் நாட்டுக்குத் தேவையான திறன்களின் பட்டியலில் உள்ள துறையைச் சேர்ந்தவர் ஆகியோருக்குத்தான். இந்தியர்களில் நிறையப் பேர் அந்தப் பட்டியலால்தான் மாட்டினார்கள். 2024 டிசம்பர் 9 அன்று வந்த புதுப் பட்டியலில் இந்தியா இல்லை. இது நம்மவர்களுக்குப் பெரிய நிம்மதி, ஆனால் ஊரில் இன்னும் பலருக்குத் தெரியவில்லை. உங்கள் சம்பளம் பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து வந்தால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. இரண்டு அரசாங்கங்களில் ஏதாவது ஒன்று பரிமாற்றத்துக்கென்றே கொடுக்கும் உதவித்தொகை என்றால் விதி பொருந்தும். டி.எஸ்-2019இன் கீழே இடது பக்கத்திலும், விசாவிலும் இதைப் பற்றிக் குறிப்பு இருக்கும். கையில் வாங்கியதும் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். குறிப்பு தவறு என்று தோன்றினால் அலுவலகத்திடம் சொல்லுங்கள். இறுதி முடிவு வெளியுறவுத் துறையுடையது.

இன்னொரு விதி இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஆய்வாளர் பிரிவில் ஜே-1 முடிந்துவிட்டால், அடுத்த 24 மாதத்துக்கு அதே பிரிவில் திரும்பவும் வர முடியாது. 5 வருஷத்தில் ஒன்றரை வருஷம்தான் பயன்படுத்தினீர்கள் என்றாலும் மீதி உங்கள் கணக்கில் நிற்காது. தாயாருக்கு உடம்பு சரியில்லை, ஆறு மாதம் ஊரில் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியவர்கள், திரும்பி வரப் பார்த்தபோதுதான் இது தெரிந்து தவித்தார்கள். ஊருக்கு நீண்ட நாள் வர வேண்டியிருந்தால் திட்டத்தை முடிக்காமலே ஏற்பாடு செய்ய வழி உண்டா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அலுவலகத்தில் கேளுங்கள்.

இனிப் பணம். அப்பச்சியிடம் சொல்லுங்கள்: ஜே-1க்கு நீங்கள் கட்டுவது சேவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் விவரங்களை அமெரிக்க அரசாங்கம் வைத்திருக்கும் கணினிப் பதிவு) கட்டணம் 220 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர். இவை பொதுவாக ஆய்வாளர் கட்டுபவை. சில பல்கலைக்கழகங்கள் திருப்பிக் கொடுக்கும். அதோடு மருத்துவக் காப்பீடு. விதிப்படி ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர், ஆபத்தான நிலையில் சொந்த நாட்டுக்குக் கொண்டுவர 50,000 டாலர், உயிர் போனால் உடலை அனுப்ப 25,000 டாலர் வரைக்கும் காப்பீடு இருக்க வேண்டும். நாம் கையிலிருந்து கட்டும் முதல் பகுதி 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. உங்களோடு வரும் கணவருக்கும் இதே அளவு வேண்டும். பல்கலைக்கழகம் ஊழியர்களுக்குக் கொடுக்கும் காப்பீட்டில் சிகிச்சைக்கு நிறைய இருக்கும், ஆனால் அந்த 50,000, 25,000 பகுதிகள் விட்டுப்போயிருக்கலாம். அதற்கு மட்டும் தனியாகச் சின்னப் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே காப்பீடு இல்லாமல் இருந்தால் ஸ்பான்சர் உங்கள் திட்டத்தை ரத்து செய்தே ஆக வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவிட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எச்-1பி என்பது வேலை கொடுப்பவர் போடும் மனு. இடையில் ஒருவர் வாங்கி விற்கக்கூடிய பொருள் அல்ல. மனுவுக்கான கட்டணத்தையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும், அதை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்பதே அங்கே சட்டம். டி.எஸ்-2019ம் அப்படியே: அதைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு அதிகாரிதான் வழங்க முடியும். உங்களிடம் வேலைக் கடிதம் இருக்கிறது, அலுவலகத்தின் மின்னஞ்சல் இருக்கிறது. மூன்று லட்சத்துக்கு அந்த மனிதர் செய்யக்கூடியது எதுவுமே இல்லை.

இப்போது ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று: பெயர். நம் பக்கத்தில் விலாச எழுத்துகள், அதாவது இனிஷியல்கள், மூன்று நான்கு இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பி.எச்டி. பட்டத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகும். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று அதற்குப் பொருள். அங்கே போன பிறகு சம்பளப் பட்டியல், சோஷியல் செக்யூரிட்டி, வங்கி, ஓட்டுநர் உரிமம் என ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக விழுந்து, ஒன்றோடொன்று பொருந்தாமல் மாதக்கணக்கில் அலைய வைக்கும். முடிந்தால் விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் அப்பச்சி பெயரைக் குடும்பப்பெயராக விரித்துப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நேரம் இல்லையென்றால், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுத்துப் பிசகாமல் போடுங்கள்.

அலுவலகம் கேட்கும் ஆங்கிலத் தேர்ச்சிக்குப் பயப்படாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட தேர்வு மதிப்பெண், கல்வி நிறுவனத்தின் கையெழுத்திட்ட சான்று, அல்லது நேரிலோ காணொளியிலோ பேசிப் பார்த்து அதை அவர்கள் பதிவு செய்வது, இவற்றில் ஒன்று போதும். ஆய்வகத்தில் வேலை பார்த்ததற்கான அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை மூன்றும் இருக்கட்டும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறந்ததிலிருந்து அழகப்பர் கொடுத்த மண்ணில் எத்தனையோ பேர் பேட்டரியும் உலோக அரிமானமும் படித்துவிட்டு உலகம் முழுக்கப் போயிருக்கிறார்கள். உங்கள் பேராசிரியருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது கடிதத்தில் எழுதியது மட்டும்தான்.

டி.எஸ்-2019 வந்ததும் மூன்றாவது கட்டத்தில் தேதிகள், நான்காவதில் பிரிவு, ஐந்தாவதில் பணம் யாருடையது என்பதைப் பாருங்கள். அது வேலைக் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னை. முதலில் கைரேகை, அப்புறம் துணைத் தூதரகத்தில் நேர்காணல். 2025 ஜூன் முதல் ஜே விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதையும் முன்னாலேயே செய்துவிடுங்கள்.

அங்கே இறங்கியதும் ஐ-94 என்ற வருகைப் பதிவை இணையத்தில் எடுத்துப் பெயர், விசாப் பிரிவு எல்லாம் சரியா என்று பாருங்கள். திட்டம் தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்பு வரை உள்ளே போகலாம். தொடங்கிய 30 நாளுக்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று அலுவலகம் சேவிஸில் பதிவு செய்ய வேண்டும், ஆகவே வீடு தேடும் அலைச்சலில் அலுவலகத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். வீட்டு முகவரி மாறினால் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். வேலை செய்ய அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவம் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அமெரிக்கர் உட்பட வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் உண்டு. உங்கள் பகுதியை வேலையின் முதல் நாளுக்குள் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட், ஐ-94, டி.எஸ்-2019 மூன்றின் அசலையும் பார்த்து, தங்கள் பகுதியை மூன்று வேலை நாளுக்குள் அவர்கள் முடிக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் வரத் தாமதமானாலும் வேலை தொடங்கலாம். வரி பற்றி ஒரு வரி: இந்தியா-அமெரிக்க வரி ஒப்பந்தத்தில் ஆய்வாளர்களுக்கு இரண்டு வருஷம் வரையான சலுகை ஒன்று உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா, எவ்வளவு காலம் தங்குவதாகச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து என்ன ஆகும் என்பதைச் சம்பளப் பிரிவில் முதல் மாதமே கேளுங்கள்.

உங்கள் படிவங்களில் ஒன்று, ‘எந்தக் கருவியைப் பயன்படுத்துவீர்கள், எந்தத் தொழில்நுட்பத்தைப் பார்ப்பீர்கள், வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை உண்டா’ என்றெல்லாம் கேட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் கேள்வி. கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தை அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டினாலும், அதை அவருடைய நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகவே அவர்கள் சட்டம் எடுத்துக்கொள்கிறது. எச்-1பி மனுப் படிவத்தில் 2011 முதல் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது: லைசென்ஸ் தேவையா இல்லையா என்று பார்த்துவிட்டோம் எனப் பல்கலைக்கழகம் உறுதி கொடுக்க வேண்டும். ஜே-1க்கு அந்தப் படிவம் கிடையாது, ஆனால் சட்டம் ஒன்றுதான் என்பதால் நிறையப் பல்கலைக்கழகங்கள் எல்லோரிடமும் கேட்கின்றன. முடிவுகளைத் தடையில்லாமல் வெளியிடப்போகிற அடிப்படை ஆய்வுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. பேட்டரித் துறையில் சிக்கல் வருவது இங்கேதான்: ஒரு கம்பெனி நிதி கொடுக்கும், வெளியிடுவதற்கு முன் எங்களிடம் கேட்க வேண்டும், சில விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் போடும். அந்த ஒரு வரியால் விலக்கு போய்விடலாம். உங்கள் பேராசிரியருக்கே இது ஞாபகம் இருக்காது. விஞ்ஞானிகள் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படிப்பது அபூர்வம். புதுப் புராஜெக்ட் ஒன்றில் உங்களைச் சேர்த்தால், ‘இதற்கு வெளியீட்டுத் தடை உண்டா?’ என்று நீங்களே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஸ்டார்ட்அப் விஷயம் இதைவிட முக்கியம். இதில்தான் நல்ல பிள்ளைகள் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஜே-1 ஆய்வாளர் எப்போதாவது வெளியில் உரை நிகழ்த்தலாம், குறுகிய கால ஆலோசனை சொல்லலாம் என்று விதி இருக்கிறது. அதற்கு அழைப்பவர் நிபந்தனைகளைக் குறித்துக் கடிதம் கொடுக்க வேண்டும், துறைத் தலைவர் பரிந்துரைக்க வேண்டும், பொறுப்பு அதிகாரி முன்கூட்டியே எழுத்தில் அனுமதிக்க வேண்டும். வேலை உங்கள் ஆய்வோடு சம்பந்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும். வாராவாரம் சில மணி நேரம் என்பது ‘எப்போதாவது’ ஆகாது. எச்-1பியில் அந்த அளவுக்குக்கூட இடமில்லை. அந்தக் கம்பெனி உங்களுக்காகத் தனி மனுப் போட்டிருக்க வேண்டும். சம்பளம் வாங்கவில்லை, அதனால் அது வேலை இல்லை என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு கம்பெனிக்கு லாபம் வரும் வேலையைச் சும்மா செய்து கொடுத்தாலும் அது அனுமதியில்லாத வேலையாகப் பார்க்கப்படலாம், பின்னாளில் கிரீன் கார்டு வரைக்கும் துரத்தும். பேராசிரியர் கேட்கும்போது முகத்துக்கு நேரே மறுப்பது நமக்குக் கஷ்டம். குருவிடம் முடியாது என்று சொல்லி நாம் வளரவில்லை. அதனால் உங்களுக்கு ஒரு வாக்கியம் தருகிறேன்: ‘மகிழ்ச்சியாகச் செய்கிறேன், அலுவலகம் எழுத்தில் சரி சொன்னதும் தொடங்குகிறேன்.’ இதைச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். இல்லை என்று சொல்லும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பேராசிரியர் பல்கலைக்கழகம் மாறினால்? ஒரு லேப் இரண்டு மாநிலம் தாண்டி இடம் மாறியபோது, அதில் இருந்த ஆய்வாளர் ஒருவர் கருவிகளோடு தானும் வண்டியில் ஏறிப் போய்விட்டார். சம்பளம் பழைய இடத்திலிருந்து வந்துகொண்டிருந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தார். அவருடைய எச்-1பியில் எழுதியிருந்தது பழைய ஊர். பயணம் போக விசா புதுப்பிக்கும் நேரத்தில் விஷயம் வெளியே வந்து, அவரும் பட்டார், அவருக்குப் பின்னால் பல்கலைக்கழகமும் பட்டது. எச்-1பியில் இருப்பவர் அன்றாடம் போய்வரக்கூடிய அந்த வட்டாரத்தைத் தாண்டி வேலையிடம் மாறினால், மாறுவதற்கு முன்பே திருத்த மனுப் போட வேண்டும் என்பது 2015இலிருந்து தெளிவாக இருக்கிறது. வேலை கொடுப்பவரே மாறினால் புதுப் பல்கலைக்கழகம் மனுப் போட வேண்டும். மனு போய்ச் சேர்ந்தால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் அங்கே வேலை தொடங்கலாம். ஜே-1இல் இருக்கும் உங்களுக்கு, பழைய ஸ்பான்சர் உங்கள் சேவிஸ் பதிவைப் புது ஸ்பான்சருக்கு ஒரு குறிப்பிட்ட தேதியில் மாற்றிக் கொடுப்பார். பிரிவும் ஆய்வின் நோக்கமும் மாறாமல் இருக்க வேண்டும், உங்கள் டி.எஸ்-2019 முடிவதற்குள் இது நடந்துவிட வேண்டும். பேராசிரியர் போகப்போவதாக லேபில் பேச்சு எழுந்த அன்றைக்கே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். உறுதியாகட்டும் என்று காத்திருப்பதால் உங்களுக்கு நன்மை கிடையாது.

எச்-1பிக்கு மாறும் நாள் வந்தால் தெரிந்திருக்க வேண்டியவை சில. அதே வேலையிலுள்ள மற்றவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம், அந்த வட்டாரத்தில் நிலவும் சம்பளம், இரண்டில் எது கூடுதலோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். எல்.சி.ஏ. போடுவது பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் இரண்டு இடங்களில் 10 நாள் ஒட்டி வைக்க வேண்டும், அல்லது மின்வழியில் தெரிவிக்க வேண்டும். எல்.சி.ஏ. போட்ட ஒரு வேலை நாளுக்குள், பொதுமக்கள் யார் கேட்டாலும் காட்டக்கூடிய கோப்பு ஒன்று தயாராக இருக்க வேண்டும். ஆய்வு நிதி தீர்ந்துவிட்டது, இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் இருங்கள் என்று உங்களிடம் சொல்ல முடியாது. அது சட்டப்படி பல்கலைக்கழகத்தின் தவறு. காலத்துக்கு முன்பே வேலையிலிருந்து நீக்கினால் குடியேற்றத் துறைக்குத் தெரிவித்து, ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவையும் கொடுக்க முன்வர வேண்டும்; உங்களுக்கு 60 நாள் வரை அவகாசம் உண்டு. விசாரணை அதிகாரிகள் லேபுக்கே நேரில் வந்து, என்ன வேலை செய்கிறீர்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். 2025 ஜனவரி 17 முதல் இது விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பயப்படாமல், நிஜமாகச் செய்யும் வேலையைச் சொல்லுங்கள். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். இவற்றில் பெரிய தவறு செய்தால் குறைந்தது ஒரு வருஷத்துக்குப் பல்கலைக்கழகம் புது மனுவே போட முடியாமல் தடை விழும். அப்போது அங்கிருக்கும் அத்தனை வெளிநாட்டு ஆய்வாளர்களும் திண்டாடுவார்கள். அலுவலகத்துப் பெண் ஒரே கேள்வியை மூன்றாவது தடவை கேட்டு மின்னஞ்சல் அனுப்பும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள், அம்மா. அவருக்கு உங்களைப் போல நூற்றுக்கணக்கானவர்களின் காகிதம் கையில் இருக்கிறது.

கணவரைப் பற்றி: ஜே-1தான் உங்களுக்கு நல்லது என்பதற்கு இன்னொரு காரணம் அவர். ஜே-1இல் இருப்பவரின் துணைக்கான ஜே-2வில் வருபவர் அங்கே வந்த பிறகு வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த வருமானம் உங்கள் செலவைத் தாங்குவதற்காக என்று இருக்கக் கூடாது. அட்டை வர மாதக்கணக்கில் ஆகலாம். எச்-1பியில் இருப்பவரின் துணைக்கான எச்-4 என்றால் உங்கள் கிரீன் கார்டு முயற்சி ஒரு கட்டத்தைத் தாண்டும்வரை அவருக்கு வேலை இல்லை. அட்டை வருவதற்குள் அவர் இந்தியக் கம்பெனி வேலையை அங்கே உட்கார்ந்து செய்யலாம் என்று நீங்களாக முடிவு எடுக்காதீர்கள். இதற்கு மட்டும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பணம் கொடுத்துக் கேட்பது நல்லது.

டிசம்பரில் பேராசிரியர் வருவதற்கு நம் ஊர் விதிகள். வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைப்பவர், ஓட்டலோ ஹோம்ஸ்டேயோ சொந்த வீடோ எதுவானாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள், சி படிவம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் தகவல் படிவத்தை இந்தியக் குடியேற்றப் பணியகத்தின் தளத்தில் பதிய வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்ற, அயல்நாட்டினர் சட்டம், 1946ஆம் வருஷச் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்தது. அதிலும் தங்க இடம் கொடுப்பவருக்கும், வெளிநாட்டவரைச் சேர்க்கும் பல்கலைக்கழகத்துக்கும் தகவல் தரும் கடமை இருக்கிறது. கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் விருந்தினர் தங்கும் பழைய வீடுகளில் இதை வழக்கமாகச் செய்கிறார்கள். அவர்களில் யாரையாவது கேட்டால் ஒருமுறை காட்டிக் கொடுப்பார்கள். அவருடைய பாஸ்போர்ட், விசா இரண்டின் பிரதியை வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ உரை நிகழ்த்துவதாக இருந்தால், சுற்றுலா விசாவில் வந்து பேசிவிட்டுப் போகலாம் என்று விட்டுவிடாதீர்கள். அழைக்கும் நிறுவனம் கடிதம் கொடுத்து, அந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தும் விசாவில் அவர் வர வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், ஆகவே அக்டோபருக்குள் கல்லூரி முதல்வரைப் போய்ப் பாருங்கள்.